தத்தியின் மந்திரவாதி: அந்தக் கடைசிச் சீட்டு தேவைதானா? (முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் உள்ளே வர வேண்டாம்)

மழைக்காகிதம்:
வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, "சிரிப்புப் படம், கார்ட்டூன், பிரெஞ்சு" என்று ஒரு தோழி சொன்னதை நம்பி இல்லூஷனிஸ்ட் போட்டேன். 80 நிமிடம்தான். முடிந்ததும் அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சனி, ஞாயிறு முழுக்க அந்தக் கடைசிச் சீட்டிலேயே மனசு நிற்கிறது. அதனால்தான் இந்த இழை.

பார்த்து ரொம்ப நாளானவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1950களின் கடைசி. தத்திஷேஃப் என்று ஒரு மேடை வித்தைக்காரர், பாரிஸில் தொழில் படுத்துவிட்டது. லண்டனுக்குப் போகிறார். அங்கே ராக் அண்ட் ரோல் பையன்கள் மேடையை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறார்கள். ஒருவழியாக இறங்கியதும் கூட்டமும் அவர்களோடு போய்விடுகிறது. இவர் தொப்பியிலிருந்து முயலை எடுக்கும்போது எதிரே ஒரு கிழவியும் ஒரு பையனும்தான் மிச்சம். அப்புறம் குடிபோதையில் இருக்கும் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கூப்பிட்டார் என்று, அப்போதுதான் கரண்ட் வந்திருக்கும் ஒரு தீவுக்குப் போகிறார். அங்கே ஒரு விடுதியில் எடுபிடி வேலை செய்யும் சின்னப்பெண் ஆலிஸ். அவளுடைய பிய்ந்த செருப்பைப் பார்த்து, புது ஜோடி ஒன்றை வித்தையில் வரவழைப்பது போலக் கொடுக்கிறார். அது வித்தை என்றே அவளுக்குத் தெரியவில்லை. நிஜமாகவே இந்த மனிதருக்கு மந்திரம் தெரியும் என்று நம்பி, அவர் பின்னாலேயே எடின்பரோ நகரத்துக்கு வந்துவிடுகிறாள்.

அவள் ஒரு கோட்டைப் பார்த்தால் கோட்டு வருகிறது. குதிகால் வைத்த செருப்பைப் பார்த்தால் அதுவும் வருகிறது. எல்லாம் "மந்திரத்தில்". அவரோ அவளுக்குத் தெரியாமல் ராத்திரியில் கார் கொட்டகையில் வேலை, கடை ஜன்னலில் விளம்பர வேலை என்று நாய்படாத பாடு படுகிறார். கடைசியில் அவளுக்கு ஒரு இளைஞன் கிடைத்துவிட்டான் என்று தெரிந்ததும், கொஞ்சம் பணத்தோடு ஒரு சீட்டை எழுதி வைத்துவிட்டு ரயிலேறிவிடுகிறார். சீட்டில் ஒரே வரி: மந்திரவாதிகள் என்று யாரும் இல்லை.

என் கேள்வி இதுதான். இவ்வளவு நாள் பொத்திப் பொத்தி வைத்ததை, போகும்போது ஏன் போட்டு உடைக்க வேண்டும்? சொல்லாமலே போயிருக்கலாமே. இது அவளுக்குச் செய்த நல்லதா, இல்லை ஒரு வயதான மனிதரின் கோபமா?

பால்கனி_டிக்கெட்:
எட்வர்ட் நார்ட்டன் நடித்த படம்தானே? ஆரஞ்சு மரம் வளர்வது, இளவரசர், வியன்னா. அதில் சீட்டு எங்கே வருகிறது?

குழம்புக்கரண்டி:
அண்ணே, நீங்கள் சொல்வது 2006இல் வந்த ஹாலிவுட் படம். இது 2010. இயக்கம் சில்வேன் ஷோமே, கையால் வரைந்த கார்ட்டூன். அதில் மந்திரவாதிக்குக் காதலி, இதில் மந்திரவாதிக்கு முயல். அந்த முயலோ கடிக்கும்.

பால்கனி_டிக்கெட்:
ஓ, அதுவா! பார்த்திருக்கிறேன். பெயர்தான் குழப்பிவிட்டது. அப்படியென்றால் என் கட்சி இப்போதே பதிவாகட்டும்: சீட்டு எழுதியது சரி. இன்னும் சீக்கிரமே எழுதியிருக்க வேண்டும். அந்தப் பெண் அவரை உறிஞ்சி எடுத்துவிட்டாள். செருப்பு, கோட்டு, மறுபடி செருப்பு. ஒரு தடவையாவது "உங்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா" என்ற பாவனையில் ஒரு பார்வை உண்டா?

குழம்புக்கரண்டி:
உண்டு. குழம்பு வைத்துக் கொடுக்கிறாளே! எடின்பரோவில் இவர்கள் தங்கும் மேடைக் கலைஞர்கள் விடுதியில் எல்லோருக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அங்கே இருக்கும் கோமாளி கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது கதவைத் தட்டுவது அவள் கையில் இருக்கும் கிண்ணம்தான். சாகப் போனவன் குழம்பைக் குடிக்கிறான். கூடவே நம்ம மந்திரவாதி கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும்போது அறையில் முயலைக் காணோம் என்று கவனிக்கிறாரே, அந்த முகம்! நான் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே பார்த்தேன். பெண்ணைத் திட்டுவதானால் குழம்பைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு திட்டுங்கள்.

மூன்றாம்_ரீல்:
சண்டை சூடாகும் முன் கொஞ்சம் பின்கதை சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் சீட்டைப் பற்றிப் பேசினால் பாதிதான் பேசுவோம்.

கதை ஷோமேயுடையது அல்ல, ழாக் தத்தியுடையது. (தத்தி என்றதும் நம்மூர் அர்த்தத்தில் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அவர் நடையும் கிட்டத்தட்ட அதுதான், தத்தித் தத்தி, முன்பக்கமாகச் சாய்ந்து, காற்று தள்ளுவது போல.) 1907இல் பிறந்தவர். முழுப் பெயர் ழாக் தத்திஷேஃப், ரஷ்ய வம்சாவளி. படத்தில் வரும் மந்திரவாதிக்கு அவருடைய நிஜப் பெயரையே வைத்திருக்கிறார்கள். சினிமாவுக்கு முன் அவரே மியூசிக் ஹால் கலைஞர், அதாவது பாட்டு, சிரிப்பு, வித்தை எல்லாம் கலந்த மேடை நிகழ்ச்சிக்காரர். டென்னிஸ் ஆடுகிறவர், கோல் கீப்பர், குதிரையில் போகிறவர் என்று வெறும் உடம்பை வைத்து மேடையில் நடித்துக் காட்டுவார். 1930களில் பாரிஸில் அதற்கு நல்ல பெயர். எழுத்தாளர் கோலெத் அதைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். அதாவது, படத்தில் செத்துக்கொண்டிருக்கும் அந்த உலகம் அவருக்குச் சொந்த வீடு.

பிறகு ழூர் த ஃபேத் (1949), உலோ சாரின் விடுமுறை (1953), மோன் ஓங்க்ள் (1958). மூன்றாவது படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்தக் காலகட்டத்தில் எழுதிவைத்த திரைக்கதைதான் இது. அதற்குத் தலைப்புகூடக் கிடையாது. 'தத்தி படம் எண் 4' என்ற பெயரில் பிரான்ஸின் தேசிய சினிமா மையத்தின் காப்பகத்தில் கிடந்தது. நான்காவதாக அவர் எடுத்தது ப்ளேடைம் (1967). எழுபது மில்லிமீட்டர் ஃபிலிமில், பாரிஸுக்கு வெளியே ஒரு நகரத்தையே செட் போட்டுக் கட்டி, கடனில் மூழ்கிப் போனார். மந்திரவாதி பெட்டியிலேயே இருந்துவிட்டார். 1982இல் தத்தியும் போய்விட்டார்.

ஷோமே தன் முந்தைய படமான பெல்வில் மூவரில் (2003) ழூர் த ஃபேத்தின் ஒரு துண்டைக் காட்ட அனுமதி கேட்டபோது, தத்தியின் மகள் சோஃபி இந்தத் திரைக்கதையைப் பற்றிச் சொன்னார். அப்பா வேடத்தில் இன்னொரு நடிகரைப் பார்க்க அவருக்கு விருப்பமில்லை. கார்ட்டூன் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. சோஃபி 2001இல் இறந்துவிட்டார், படத்தைப் பார்க்கவில்லை. படம் அவருக்குத்தான் சமர்ப்பணம்.

ஆகவே சீட்டு என்பது ஏதோ ஒரு கதாபாத்திரம் இன்னொரு கதாபாத்திரத்துக்கு எழுதியது மட்டுமல்ல என்பது என் எண்ணம். வேலை வேலை என்று ஊர் ஊராகப் போய், வீட்டுக்கு அன்பளிப்புப் பொட்டலத்தோடு மட்டும் வந்த ஒரு அப்பா எழுதியது.

மழைக்காகிதம்:
ஐயா, இது எனக்குச் சுத்தமாகத் தெரியாது. அந்த அப்பா விஷயத்தைப் படித்த பிறகு செருப்புக் காட்சி வேறு மாதிரி தெரிகிறது.

பால்கனி சார், ஆலிஸுக்கு ஒரு வார்த்தை. அவள் வளர்ந்தது கரண்டே இல்லாத தீவில். ஒரு பல்பு எரிவதை ஊரே கூடிக் கொண்டாடுகிற இடம். பொத்தானைத் தட்டினால் வெளிச்சம் வருகிறது, இந்த ஆள் கையை உதறினால் செருப்பு வருகிறது. இரண்டில் எது மந்திரம், எது இல்லை என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பேச்சும் புரியாது. அவளுக்கு ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக், அவருக்கு பிரெஞ்சு. கேட்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. உறிஞ்சினாள் என்கிறீர்கள். விலை இருக்கிறது என்றே தெரியாதவள் எதை உறிஞ்சுவாள்?

பால்கனி_டிக்கெட்:
எடின்பரோ வந்த பிறகு தெரிந்திருக்குமே. கடை ஜன்னலில் விலை எழுதித்தானே வைத்திருக்கிறான். சரி, குழம்புக்காக அரை மதிப்பெண் தருகிறேன். அதற்கு மேல் இல்லை.

செப்படி:
இப்போது நான் வந்தாக வேண்டும். கல்யாண வீடுகளிலும் பிறந்தநாள் விழாக்களிலும் வித்தை காட்டுகிறவன் நான். முழுநேரத் தொழில் இல்லை, ஆனால் பன்னிரண்டு வருஷமாகச் செய்கிறேன். இந்தப் படத்தை மூன்று தடவை பார்த்ததற்குக் காரணம் கதைகூட இல்லை, கைகள். வரைந்தவர்களுக்கு வித்தை தெரிந்திருக்கிறது, அல்லது தெரிந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்திருக்கிறார்கள். எந்த விரல் மறைக்கிறது, பார்வை எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் சரியாக இருக்கிறது. கார்ட்டூனில் எதை வேண்டுமானாலும் காற்றிலிருந்து வரவழைக்கலாம். அப்படியிருந்தும் இவர்கள் அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு பொருளும் சட்டைக்கை வழியாகத்தான் வருகிறது. நாம் கவனித்தால் பிடித்துவிடலாம். ஆலிஸால் முடியாது. எங்களுக்குள் இருப்பது தொழில் சந்தோஷம், அவளுக்குள் இருப்பது நம்பிக்கை.

நவீன மேடை வித்தையின் தகப்பன் என்று எல்லோரும் சொல்வது ழான் யூஜென் ரொபேர் ஊதேன் என்ற பிரெஞ்சுக்காரரை. ப்ளுவா ஊரின் கடிகாரக்காரர். 1845இல் பாரிஸின் பாலே ருவாயல் பகுதியில் தன் பெயரிலேயே அரங்கம் திறந்தார். அதற்கு முன் வித்தைக்காரன் என்றால் சந்தையில் அங்கியும் கூம்புத் தொப்பியும் போட்டவன். இவர் விருந்துக்குப் போகும் கனவான் உடையில் மேடையேறினார். படத்தில் நம்மவர் அழுக்கு விடுதியிலும் அந்தக் கோட்டு சூட்டை விடாமல் இருக்கிறாரே, அது அங்கிருந்து வந்த வழக்கம். ஊதேன் சொன்ன ஒரு வாக்கியம் எங்கள் ஆட்களுக்கு மனப்பாடம்: வித்தைக்காரன் என்பவன் மந்திரவாதி வேடத்தில் நடிக்கும் நடிகன்.

இப்போது சீட்டைப் படியுங்கள். "மந்திரவாதிகள் இல்லை." ஊதேன் சொன்னதைத்தான் இவரும் எழுதியிருக்கிறார், ஆனால் அதில் பாதியை. மந்திரவாதிகள் இல்லை, நடிகர்கள்தான் இருக்கிறோம் என்று இரண்டாம் பாதியையும் எழுதியிருந்தால் அவளுக்கு அவருடைய உழைப்பு புரிந்திருக்கும். அவர் எழுதவில்லை. எந்த வித்தைக்காரனும் எழுத மாட்டான். எங்கள் தொழிலில் பார்க்கிறவருக்குத் தெரியக்கூடாதது தந்திரம்கூட இல்லை, சிரமம்தான். ஒரு நாணயத்தை உள்ளங்கையில் பதுக்கிவைக்க நான் எட்டு மாதம் பழகினேன். அந்த எட்டு மாதம் பார்ப்பவர் கண்ணில் பட்டுவிட்டால் வித்தை செத்துவிடும். தத்திஷேஃப் செருப்புக்காகக் கார் கழுவியதை மறைப்பதும் அதே பழக்கம்தான். அது தியாகம் என்று நான் நினைக்கவில்லை. தொழில்புத்தி வீட்டுக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அதனால் கடை ஜன்னல் காட்சி எனக்குத் தாங்கவில்லை. அதே கை, அதே நளினம், ஆனால் வெளியே வருவது விற்பனைச் சாமான். தெருவில் போகிறவர்கள் நின்று கைதட்டுகிறார்கள். வித்தைக்கா, சாமானுக்கா என்று தெரியவில்லை.

குழம்புக்கரண்டி:
செப்படி அண்ணே, சந்தடிசாக்கில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் உங்களுக்கு மந்திரம் தெரியும் என்று யாராவது நம்புகிறார்களா?

செப்படி:
என் மகள் ஆறு வயதுவரை நம்பினாள். அப்புறம் ஒருநாள் என் பையைக் குடைந்து போலிக் கட்டைவிரலைக் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் "எனக்கும் சொல்லிக் கொடு" என்றாள். இந்த இழைக்கு அது சம்பந்தமா என்று தெரியவில்லை, இருக்கட்டும்.

மழைக்காகிதம்:
சம்பந்தம் இருக்கிறது. ஆலிஸுக்கு அந்த மூன்றாம் நாள் கிடைக்கவே இல்லையே. அதுதான் என்னைக் குத்துகிறது.

நிழற்கோடு:
தாமதமாக வருகிறேன். அனிமேஷனில் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் வரைகலைப் பக்கம் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷோமே பெல்வில் மூவரோடு எடின்பரோ திரைப்பட விழாவுக்குப் போனார். ஊரும் அதன் வெளிச்சமும் பிடித்துப்போய் அங்கேயே குடியேறினார், ஸ்டுடியோவும் திறந்தார். தத்தியின் திரைக்கதையில் மந்திரவாதி போய்ச் சேர்வது பிராக் நகரம். அதை எடின்பரோவாக மாற்றியது ஷோமேதான். மாற்றம் பலித்திருக்கிறது என்பேன். மழை வந்து நிற்கும், வெயில் ஒரு நொடி கோட்டை மேல் விழும், மேகம் மூடிவிடும். நீர்வண்ணத்தில் செய்த அந்தப் பின்னணிகளை நான் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கேமரா. இந்தப் படத்தில் முகத்துக்கு அருகில் போகும் ஷாட் தேடினாலும் அபூர்வம். கேமரா தள்ளி நிற்கும், பெரும்பாலும் அசையாது. முழு உடம்பும் தெரியும், சுற்றிலும் நாலு பேர் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இது தத்தியின் பாணி. அவர் படங்களில் சிரிப்பு எங்கே என்று விரல் நீட்டிக் காட்ட மாட்டார். மூலையில் நடக்கும். பார்த்தவன் பார்த்தான், பார்க்காதவன் அடுத்த முறை பார்ப்பான். ஒரு உதாரணம்: விடுதியில் இருக்கும் பொம்மலாட்டப் பேச்சுக்காரர் தன் பொம்மையை விற்றுவிடுகிறார். அதைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் சொல்வதில்லை. பழைய சாமான் கடை ஜன்னலில் பொம்மை உட்கார்ந்திருக்கிறது. நம்மவர் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் விலை குறைந்துகொண்டே வருகிறது. கடைசியில் இலவசம் என்று எழுதியிருக்கிறது. அப்போதும் எடுக்க ஆளில்லை. இதை முகத்துக்கு அருகில் காட்டியிருந்தால் ஒப்பாரி ஆகியிருக்கும்.

அனிமேஷன்காரனுக்கு இப்படி எடுப்பது தற்கொலை மாதிரி. வாயசைவு, கண்ணிமைப்பு என்று முகத்தை வைத்துச் சமாளிக்க வழியில்லை. வசனமும் கிடையாது, முணுமுணுப்புதான். உணர்ச்சி எல்லாம் தோளில், முழங்கையில், நடையில் வர வேண்டும். உயிரோடு இருந்த ஒரு மனிதரின் நடை வேறு. கொஞ்சம் பிசகினாலும் தத்தி ரசிகர்கள் சும்மா விட மாட்டார்கள். வண்டிகள் சில இடங்களில் கம்ப்யூட்டரில் செய்தவை, கூர்ந்து பார்த்தால் தெரியும். ஆள்கள் கையால் வரைந்தவர்கள். 2010இல் இது எவ்வளவு பிடிவாதம் என்றால், அந்த வருஷத்து ஆஸ்கரில் இதோடு போட்டியிட்டவை டாய் ஸ்டோரி 3ம், டிராகன் பழக்கும் பையன் படமும். மூன்றாவது பொம்மைக் கதைதான் ஜெயித்தது. பிரான்ஸின் சினிமா விருதான செசாரில் அனிமேஷனுக்குத் தனிப்பிரிவு 2011இல் முதல் தடவையாக வந்தபோது அது இந்தப் படத்துக்குப் போனது.

மியூசிக் ஹால்காரனை ராக் பையன்கள் தள்ளிவிட்ட கதையை, கம்ப்யூட்டர் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த பென்சிலால் வரைந்திருக்கிறார்கள். நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் வரையும் மேசைகளை ஒரே வாரத்தில் அடுக்கி மாடிப்படிக்குக் கீழே போட்டார்கள். பெயர் வேண்டாம். அதைப் பார்த்தவனுக்கு அந்தப் பொம்மையின் விலைச்சீட்டு சும்மா கடந்துபோகாது.

சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சீட்டோடு காட்சி முடியவில்லை என்பதை யாரும் சொல்லவில்லையே. அவள் அறைக்குள் நிற்கிறாள். ஜன்னல் வழியாகக் காற்று வருகிறது. திறந்துகிடக்கும் புத்தகத்தின் தாள்கள் படபடக்கின்றன. சுவரில் விழும் நிழல் ஒரு பறவை சிறகடிப்பது போல இருக்கிறது. மந்திரவாதி இல்லை என்று எழுதிய தாளுக்குப் பக்கத்திலேயே, மந்திரவாதி இல்லாமலே ஒரு வித்தை நடக்கிறது. கை இல்லை, சட்டைக்கை இல்லை, விலையும் இல்லை. காற்று, வெளிச்சம், தாள். இதைவிடப் பெரிய பதிலை அவர் எழுதியிருக்க முடியுமா?

மழைக்காகிதம்:
அந்தப் பறவை எனக்குத் தெரியவே இல்லை! கண் கலங்கியிருந்ததால் தவறவிட்டிருப்பேன். இன்றைக்கு ராத்திரி மறுபடி பார்க்கிறேன்.

பால்கனி_டிக்கெட்:
சபை இவ்வளவு உருகும்போது ஒரு கல்லெறிய அனுமதி கொடுங்கள். எனக்கு இந்தப் படத்தில் உறுத்துவது ஆலிஸ்கூட இல்லை. தத்தி எடுத்திருந்தால் இவ்வளவு அழுதிருப்பாரா? அவர் படங்களில் அவரே நடிக்கும் உலோ என்ற பாத்திரம் எல்லாவற்றையும் குழப்பிவிட்டுப் போவார். உலகம் அவரால் கொஞ்சம் லேசாகும். ப்ளேடைமின் கடைசியில் வாகன நெரிசலே ராட்டினமாகிவிடும். அந்த மனிதர் நவீன உலகத்தைக் கிண்டல் செய்தார், ஆனால் அதன் காலில் விழுந்து அழவில்லை. இங்கே கோமாளி தூக்குக்குப் போகிறான், பொம்மலாட்டக்காரர் தெருவில் கையேந்துகிறார், ஊரே ஒவ்வொரு விளக்காக அணைகிறது. இது ஷோமேயின் துக்கம். தத்தியின் கோட்டைப் போட்டுக்கொண்டு வருகிறது.

படத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. ஆலிஸையும் அந்தப் பையனையும் பார்த்துவிட்டு ஒளிய இடம் தேடி நம்மவர் கேமியோ தியேட்டருக்குள் நுழைகிறாரே, எடின்பரோவில் நிஜமாகவே இருக்கும் தியேட்டர் அது. திரையில் மோன் ஓங்க்ள் ஓடுகிறது. வரைந்த தத்தி நிஜத் தத்தியைப் பார்க்கிறார். எல்லோரும் அந்த இடத்தைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அங்கேதான் படம் உடைந்தது. நிஜ ஆள் வந்து நின்ற ஒரு நொடியில், இவ்வளவு நேரம் பார்த்தது நகல் என்று தெரிந்துவிட்டது.

மூன்றாம்_ரீல்:
பால்கனி, கல் நன்றாகவே விழுந்திருக்கிறது. தத்தியின் படங்கள் லேசானவை என்பதில் எனக்கும் சண்டையில்லை. ஆனால் இந்தக் கதையை அவர் ஏன் எடுக்கவில்லை என்பதற்கு ஷோமே பேட்டிகளில் சொல்லும் காரணம், அது தத்திக்கு ரொம்ப நெருக்கமாகவும் கனமாகவும் இருந்தது என்பதுதான். உலோவை வைத்துச் சொல்ல முடியாதது ஒன்று அவரிடம் இருந்திருக்கிறது. அதை எழுதினார், பெட்டியில் வைத்தார்.

அந்த ஒன்று என்ன என்பதில்தான் வழக்கு. இன்னொரு மகளின் கதையைச் சொல்லாமல் விட்டால் இந்த இழை நேர்மையாக இருக்காது. போர்க் காலத்தில் தத்தி பாரிஸில் லீடோ அரங்கில் ஆடிக்கொண்டிருந்தபோது, அங்கே நடனமாடிய ஒரு ஆஸ்திரியப் பெண்ணோடு பழக்கம். ஒரு பெண் குழந்தை பிறந்தது. தத்தி அந்தக் குழந்தையைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொள்ளவில்லை. படம் வந்த 2010இல் அந்த மகளின் குடும்பத்தார் பகிரங்கமாக எழுதினார்கள்: இந்தத் திரைக்கதை சோஃபிக்காக எழுதியது அல்ல, கைவிட்ட மூத்த மகளை நினைத்து எழுதியது, அதை மறைத்துவிட்டு இனிப்பு தடவிப் படம் எடுத்திருக்கிறார்கள் என்று. ஷோமே தன் கட்சியில் நின்றார்: வேலைக்காக வீட்டை விட்டே இருந்த அப்பா, சோஃபியிடம் பட்ட குற்ற உணர்வு.

இதற்குத் தீர்ப்பு சொல்லும் இடத்தில் நாம் யாரும் இல்லை. ஆனால் மழைக்காகிதத்தின் கேள்விக்கு இது நேராக வந்து விழுகிறது. சோஃபிக்கு எழுதிய சீட்டு என்றால் "நான் மந்திரவாதி இல்லை அம்மா, வெறும் அப்பா" என்று கேட்கும் மன்னிப்பு. மூத்த மகளுக்கு என்றால், பணத்தை மேசையில் வைத்துவிட்டு நழுவுகிற ஒருவரின் சாக்கு. வரி ஒன்றுதான், எழுத்தும் மாறவில்லை.

செப்படி:
இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

பால்கனிக்கு மட்டும் ஒரு சின்ன வார்த்தை. நகல், நிஜம் என்றீர்கள். சினிமாவும் வித்தையும் பிரெஞ்சு மண்ணில் ஒரே கூரைக்குக் கீழே வளர்ந்தவை. ஊதேனின் அரங்கத்தை 1888இல் வாங்கியவர் ழார்ழ் மெலியேஸ், அவரே வித்தைக்காரர். சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பரில் படம் காட்டியதைப் பார்த்த மறுவருஷமே, ஒரு பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்துத் துணி மூடி மறைய வைக்கும் வித்தையைப் படமாக எடுத்தார். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும். மேடையில் அதே வித்தைக்குத் தரையில் கதவு வேண்டும், விசேஷ நாற்காலி வேண்டும், அந்தப் பெண்ணுக்குப் பயிற்சி வேண்டும். மெலியேஸ் கேமராவை நிறுத்தினார், பெண் எழுந்து போனார், கேமராவை மறுபடி ஓட்டினார். முடிந்தது. எங்கள் தொழிலுக்கு அன்றைக்கே சீட்டு எழுதியாயிற்று. ராக் பையன்கள் எல்லாம் பின்னால் வந்தவர்கள்.

அதே மெலியேஸையும் சினிமா கைவிட்டது. வயதான காலத்தில் பாரிஸின் மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மையும் மிட்டாயும் விற்றுக்கொண்டிருந்தார். ஷோமே இதை நினைத்து அந்தப் பொம்மைக் கடை ஜன்னலை வைத்தாரா என்று தெரியாது. எனக்கு இரண்டும் ஒன்றாகவே நினைவுக்கு வருகின்றன.

பால்கனி_டிக்கெட்:
சரி சரி, நகல் என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். துக்கம் அதிகம் என்பதை எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த இசை வேறு, பியானோ ஒரு பக்கம் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அதுவும் ஷோமே போட்டதுதானே.

நிழற்கோடு:
ஆமாம், இசையும் அவரே. அந்தக் குற்றச்சாட்டை நான் எதிர்க்கவில்லை. இரண்டு இடத்தில் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

குழம்புக்கரண்டி:
மூன்று சர்க்கஸ்காரர்களை யாரும் பேசவில்லை. "ஹோப், ஹோப்" என்று குதித்துக்கொண்டே விளம்பரப் பலகைக்கு வண்ணம் அடிக்கிறார்களே. அந்த விடுதியில் புது உலகத்தோடு ஒத்துப்போனவர்கள் அவர்கள் மட்டும்தான். அதே குட்டிக்கரணம், சம்பளம் மட்டும் வேறு இடத்தில். பால்கனி சார் கேட்ட லேசான தத்தி அங்கே இருக்கிறார் என்று சொல்லி வைக்கிறேன்.

மழைக்காகிதம்:
மறுபடி பார்த்துவிட்டேன். பறவை இருக்கிறது. நன்றி நிழற்கோடு.

ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. ரயில் காட்சி. அவர் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே அம்மாவோடு ஒரு சின்னப்பெண் படம் வரைந்துகொண்டிருக்கிறாள். பென்சில் கீழே விழுகிறது, தேய்ந்து போன துண்டுப் பென்சில். அவர் எடுக்கிறார். அவரிடமும் அதே மாதிரி பென்சில் ஒன்று இருக்கிறது, நீளமானது. மாற்றிக் கொடுத்தால் குழந்தைக்குப் பென்சில் வளர்ந்துவிட்டது போல இருக்கும். சுலபமான வித்தை. ஆலிஸின் முதல் செருப்பு மாதிரியேதான். ஒரு கணம் கையில் இரண்டும் இருக்கின்றன. பிறகு துண்டுப் பென்சிலையே திருப்பிக் கொடுக்கிறார்.

முதல் தடவை பார்த்தபோது "மனிதர் உடைந்துபோய்விட்டார், வித்தையே வேண்டாம் என்றாகிவிட்டது" என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவள் பென்சிலை அவளுக்கே கொடுத்தார், அவ்வளவுதான். அவள் வாங்கிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து வரையத் தொடங்குகிறாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவருக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கேமரா தள்ளி நிற்பதால் எனக்கு அப்படித் தோன்றியதோ என்னவோ.

சீட்டு மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. மூன்றாம் நாள் வரை இருந்திருக்கலாம் என்றுதான் இன்னமும் சொல்வேன். பென்சிலில் மட்டும் அவர் பக்கம் நிற்கிறேன்.

செப்படி:
அந்த மாற்றும் வித்தைக்கு எங்களிடம் பழக்கம் உண்டு, நீளப் பென்சிலை உள்ளங்கையோடு ஒட்டி வைக்க வேண்டும். அவர் விரல்கள் அதற்குத் தயாராகத்தான் மடிகின்றன, பார்த்தீர்களா? அப்புறம் விரிகின்றன. அந்த விரிவதை வரைந்தவருக்கு ஒரு கும்பிடு.

பால்கனி_டிக்கெட்:
பென்சிலுக்கு முழு மதிப்பெண். ஆலிஸுக்கு அதே அரைதான்.

குழம்புக்கரண்டி:
எல்லோரும் முயலை மறந்துவிட்டீர்கள். எடின்பரோவின் ஆர்தர்ஸ் சீட் மலைமேல் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறாரே. தொப்பிக்குள்ளேயே வாழ்ந்த பிராணி, புல்லைப் பார்த்து முழிக்கிறது. சுற்றிலும் பார்த்தால் மலை முழுக்க முயல்கள். அத்தனை பேரும் இவனுக்கு அந்நியர்கள். முதல் நாளே எத்தனை பேரைக் கடித்திருப்பான் என்று நினைக்கிறீர்கள்?